குடியேறிகள் நிறைந்த பகுதியில்தான் தீவிர வலதுசாரிக்கு ஓட்டு விழுகிறதா?

ஐரோப்பியத் தேர்தல் முடிவுகளை ஊர்வாரியாக ஏன் பார்க்க வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

குடியேறிகள் அதிகம் உள்ள இடத்தில்தானே எதிர்ப்பும் அதிகமாக இருக்கும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. முதன்முதலாக ஒரு ஜெர்மன் மாநிலத் தேர்தலில் முதலிடம் பிடித்தது 2024இல், துரிங்கியாவில். 32.8 சதவீதம். ஜெர்மனியில் வெளிநாட்டவர் குறைவாக வாழும் மாநிலங்களில் அதுவும் ஒன்று. பிரான்ஸில் 2022 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் தீவிர வலதுசாரி வேட்பாளர் மரீன் லெ பென் நாடு முழுக்க 41.5 சதவீதம் வாங்கினார். குடியேறிகள் நிறைந்த பாரிஸில் ஏறக்குறைய 15தான்.

இதை வைத்து 'பழகினால் பகை போய்விடும்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெருநகரவாசிகளில் இளைஞர்களும் படித்தவர்களும் அதிகம். குடியேறிகளின் பிள்ளைகளும் ஓட்டுப் போடுகிறார்கள். அக்கம்பக்கம் பிடிக்காதவர் வீட்டைக் காலி செய்துகொண்டு எப்போதோ போயிருப்பார்.

சார், இங்கிலாந்தின் பாஸ்டன் இதற்கு நேர்மாறாக இருக்கிறதே?

நல்ல பிடி. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் (அது கட்சித் தேர்தல் இல்லை, சரி) அங்கே 75.6 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். 2004க்குப் பிறகு வயல் வேலைக்குக் கிழக்கு ஐரோப்பியர்கள் சில ஆண்டுகளுக்குள் வந்து நிறைந்த சிற்றூர் அது. எத்தனை பேர் என்பதைவிட எவ்வளவு வேகமாக என்பதுதான் அங்கே உறைத்தது.

அப்படியானால் வறுமை காரணமில்லையா?

வெறும் வறுமை இல்லை. பிரான்ஸின் பெருநிலப்பரப்பில் வறுமை விகிதம் மிக அதிகமான, பாரிஸை ஒட்டிய சேன்-சான்-தெனி மாவட்டத்தில் லெ பென் படுதோல்வி அடைந்தார். அவருடைய கோட்டையான எனான்-போமோன் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிய ஊர். என்றைக்கும் இல்லாதவன் பெரும்பாலும் வாக்குச்சாவடிக்கே போவதில்லை; இருந்ததை இழந்தவன் போகிறான். என் கணிப்பில் பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

நேரில் பழகினால் ஒன்றுமே மாறாதா?

எப்படிச் சந்திக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2015இல் துருக்கிக் கரையை ஒட்டிய கிரேக்கத் தீவுகளில் அகதிகள் வந்திறங்கி உடனே கிளம்பிவிட்டார்கள். பேசக்கூட நேரமில்லை. அங்கே கோல்டன் டான் என்ற தீவிர வலதுசாரிக் கட்சிக்கு ஓட்டு ஏறியது. ஆஸ்திரியாவின் மேல் ஆஸ்திரியா மாநிலத்திலோ அகதிகளைத் தங்கவைத்த ஊர்களில் அந்நாட்டுத் தீவிர வலதுசாரிக் கட்சியான எஃப்.பி.ஓ.வின் வளர்ச்சி மட்டுப்பட்டது. அவர்கள் கடந்து மட்டும் போன எல்லை ஊர்களில் கூடியது.

யார் எங்கே குடியேறுவது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கும்போது, இதையெல்லாம் எப்படி நம்புவது?

அதனால்தான் டென்மார்க்கைப் பார்க்கிறார்கள். 1986 முதல் 1998 வரை அரசே அகதிகளை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பியது. சிற்றூர்களில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சிகளின் ஓட்டு கூடியது, பெருநகரங்களிலோ குறைந்தது.