ஒரே ஊருக்கு இத்தனை வருடம் எதற்கு?

கேள்வி: என் மகள் மானுடவியல் முதுகலை படிக்கிறாள். நேபாளத்தின் தாமாங் மக்களிடம் ஆய்வு செய்தவர்கள் ஒரே ஊருக்கு முப்பது, நாற்பது வருடம் போய்க்கொண்டே இருந்தார்கள் என்கிறாள். ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் போதாதா? அவர்களிடமும் நம்மைப் போல முறைப்பெண் கட்டும் வழக்கம் உண்டாமே?

- வாசகி, திண்டுக்கல்

பதில்: கல்லூரியில் இந்தப் பாடத்தைப் பல காலம் நடத்தியவன் நான். மாணவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்.

காத்மாண்டுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைகளில் ரசுவா, நுவாகோட், தாதிங், சிந்துபால்சோக் என்று பரவி வாழ்பவர்கள் தாமாங் மக்கள். 2021 கணக்கெடுப்பில் 16 லட்சத்துக்கும் மேல். பௌத்தர்கள். சாவு வீட்டில் லாமா முன்னால் நிற்பார். தீராத நோய் என்றால் போம்போ என்கிற சாமியாடி மேளத்தோடு வந்து இரவெல்லாம் பாடுவார். பலி கொடுக்க லம்பு என்று தனி ஆள். ஒரே ஊரில் இந்த மூவருக்கும் இடம் இருக்கிறது. அது எப்படி என்று மானுடவியலாளர் டேவிட் ஹோம்பெர்க் 1989இல் ஒரு நூல் எழுதினார். அவரும் மனைவி கேத்ரின் மார்ச்சும் அந்த மலைகளுக்குப் போகத் தொடங்கியது 1970களின் நடுவில்.

ஒரு வருடத்தில் கிடைக்காதது என்ன? வெளியாளிடம் ஊர் எளிதில் சொல்லாத விஷயம். நேபாள அரசின் 1854ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களை அடிமையாக்கத்தக்கவர் வரிசையில் வைத்தது. நேபாளத்தைப் பரம்பரையாக ஆண்ட ராணா குடும்பத்தின் ஆட்சி 1951இல் முடியும் வரை கூலி இல்லாமல் சுமை தூக்கினார்கள், காகிதம் செய்தார்கள், அரசு மாட்டுப்பட்டிகளில் உழைத்தார்கள். சட்டம் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். முதுகில் சுமை ஏற்றிக்கொண்டவர் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்பதை அந்த ஊரில்தான் கேட்க வேண்டும். அந்தக் கட்டாய உழைப்பைப் பற்றிய கட்டுரை 1999இல்தான் வந்தது. ஹோம்பெர்க், மார்ச் இருவரோடு சூர்யமான் தாமாங் என்ற பெயரும் அதன் ஆசிரியர்களில் ஒன்று. நீண்ட ஆய்வின் பெரிய பலனாக நான் மதிப்பது இதைத்தான். தகவல் சொல்லும் இடத்தில் மட்டும் வைக்கப்பட்டிருந்த சமூகத்திலிருந்து ஒருவர் இங்கே எழுதுபவராக நிற்கிறார்.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். பதினான்கு தாமாங் பெண்கள் சொன்ன வாழ்க்கைக் கதைகளை, அவர்கள் பாடிய பாட்டுகளோடு சேர்த்து, கேத்ரின் மார்ச் 2002ஆம் ஆண்டு நூலாக்கினார். அவர் அங்கே போகத் தொடங்கி கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு!

சரி, முறைப்பெண். ஆமாம், உண்டு. மேற்குப் பகுதித் தாமாங் மக்களிடம் மாமன் மகளும் முறை, அத்தை மகளும் முறை. தாய்மாமனை அஷாங் என்பார்கள். நமக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லவே வேண்டாம். உங்கள் மகளுக்கு இது ஒரு வசதி. ஆனால் எல்லாம் நம் வீடு மாதிரியே என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே கல்யாணமான பெண் சாகும்வரை பிறந்த குலத்தைச் சேர்ந்தவளே, கணவன் குலத்துக்கு மாறுவதில்லை. வடக்குத் தாதிங்கில் திம்லிங் என்ற ஊரின் குடும்பங்களை ஆராய்ந்த டாம் ஃப்ரிக், வெளியூர்க் கூலி வேலை பெருகும்போது குடும்பமும் கல்யாணமும் எப்படி மாறுகின்றன என்று தொடர்ந்து பார்த்தார். மகனுக்குப் பெண் பார்த்தது பெற்றோரா, அவனேதானா என்பதைத் தலைமுறை தலைமுறையாக ஒப்பிட்டால்தான் அந்த மாற்றம் பிடிபடும்.

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் இந்த மாவட்டங்கள் நொறுங்கின. இறந்தவர்களில் தாமாங் மக்கள் ஏராளம். இடிந்த வீடுகளில் யார் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இந்த ஆய்வாளர்களின் பழைய குறிப்பேடுகளும் ஒலிப்பதிவுகளும் இன்று சாட்சி. அவை அந்த ஊர்களின் பேரப்பிள்ளைகள் கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் மகள் போவதானால் நேபாளியோடு நிறுத்திக்கொள்ளாமல் தாமாங் மொழியும் கற்கட்டும். அப்புறம், முதல் வருடமே எல்லாம் புரிந்துவிட வேண்டும் என்று நீங்கள் அவசரப்படுத்தாதீர்கள், அம்மா.