வீடியோ கன்வெர்ட்டர் பாதியில் நிற்கிறதா? விண்டோஸ், மேக், லினக்ஸ் கேள்வி பதில்

ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் (இரண்டும் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்கள்), விஎல்சி (வீடியோ பிளேயர்) பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில். கேட்கும்போது மூன்று விவரங்களை மறக்காமல் எழுதுங்கள்: இயங்குதளத்தின் பதிப்பு, மென்பொருளின் பதிப்பு, லாக்கில் (மென்பொருள் எழுதி வைக்கும் செயல்பாட்டுக் குறிப்பு) முதலில் வந்த பிழை வரி. கடைசி வரியில் பெரும்பாலும் "கன்வெர்ஷன் ஃபெயில்ட்" என்றுதான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. காரணம் அதற்குச் சில வரிகள் மேலே இருக்கும்.

கேள்வி: விண்டோஸ் 11-இல் ஹேண்ட்பிரேக் நிறுவினேன். ஐகானை அழுத்தினால் டாட்நெட் (செயலி ஓடத் தேவையான மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருள்) வேண்டும் என்கிறது. டாட்நெட்டும் போட்டாயிற்று, அப்படியும் திறக்கவில்லை.

பதில்: மைக்ரோசாஃப்ட் தளத்தில் "டாட்நெட் ரன்டைம்", "டாட்நெட் டெஸ்க்டாப் ரன்டைம்" என்று இரண்டு தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது டெஸ்க்டாப் ரன்டைம். விண்டோஸுடன் வரும் டாட்நெட் ஃபிரேம்வொர்க் இதற்கு உதவாது. பதிப்பு எண்ணும் ஹேண்ட்பிரேக் கேட்பதோடு பொருந்த வேண்டும். ஆர்ம் பிராசசர் உள்ள லேப்டாப் என்றால் இரண்டுக்கும் ஆர்ம்64 பதிப்பையே எடுங்கள்.

அவரே தொடர்கிறார்: இப்போது திறக்கிறது, நன்றி சார். ஆனால் ஸ்டார்ட் அழுத்திய சில நொடிகளில் "ஃபெயில்ட்" என்று நின்றுவிடுகிறது. வெளியீட்டுக் கோப்பும் இல்லை.

பதில்: எழுதவே அனுமதி கிடைக்கவில்லை என்று தோன்றுகிறது. சேமிக்கும் இடத்தை வீடியோஸ் ஃபோல்டரிலிருந்து வேறு ஒரு புதிய ஃபோல்டருக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே ஓடினால் விண்டோஸ் செக்யூரிட்டியின் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்" தடுக்கிறது என்று அர்த்தம். ரேன்சம்வேர் புரொடெக்ஷன் பகுதிக்குப் போய், அனுமதிக்கும் செயலிகள் பட்டியலில் ஹேண்ட்பிரேக்கைச் சேருங்கள். அதோடு "ஹேண்ட்பிரேக் வொர்க்கர்" என்ற இன்னொரு நிரலும் அதே ஃபோல்டரில் இருக்கும். மாற்றும் வேலையைச் செய்வது அதுதான் என்பதால் அதையும் சேர்க்க வேண்டும். பாதுகாப்பை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஃபோனில் எடுத்த நீளமான வீடியோவை மாற்றினேன். தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாக இருக்கின்றன. போகப் போகக் குரல் விலகுகிறது. ஒரிஜினலில் இந்தக் குறை இல்லை.

பதில்: "போகப் போக" என்று எழுதியதே பாதி விடை. ஃபோன் கேமரா சீரான வேகத்தில் பதிவு செய்வதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ ஃபோன் சூடானாலோ நொடிக்கு எடுக்கும் ஃபிரேம் (தனிப்படம்) எண்ணிக்கையைக் குறைத்துவிடும். கோப்பின் தகவலில் 30 என்று இருந்தாலும் உள்ளே சில இடங்களில் 24-தான் இருக்கும். பிளேயர் ஒவ்வொரு ஃபிரேமின் நேரக்குறியைப் பார்த்து ஓட்டுவதால் ஒரிஜினலில் தெரியாது. நேரக்குறியைப் பொருட்படுத்தாமல் நொடிக்கு 30 என்று எண்ணி அடுக்கும் கன்வெர்ட்டரிலும் எடிட்டரிலும் விலகல் சேர்ந்துகொண்டே போகும்.

ஹேண்ட்பிரேக்கில் வீடியோ டேபுக்குப் போய் ஃபிரேம்ரேட்டை 30 ஆக்குங்கள், கீழே "கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்" தேர்ந்தெடுங்கள். பலர் தவறவிடும் இடம் இது: வழக்கமான பிரிசெட்டில் (தயாராக உள்ள அமைப்புத் தொகுப்பு) "பீக் ஃபிரேம்ரேட்" தேர்வாகியிருக்கும், அது 30-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுமே தவிர சீராக்காது. எடிட் செய்யப்போகிறீர்கள் என்றால் இந்த வேலையை எடிட்டருக்குள் கொண்டுபோகும் முன்பே முடித்துவிடுங்கள்.

தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு விலகல் என்றால் இது தேவையில்லை. விஎல்சியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஜே, கே விசைகள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒலியை 50 மில்லிசெகண்ட் நகர்த்தும். எத்தனை அழுத்தத்தில் சரியாகிறது என்று பார்த்து, அந்த அளவை எம்கேவி டூல்நிக்ஸ் (எம்கேவி வீடியோ கோப்புகளைக் கையாளும் நிரல்) என்பதில் ஒலி டிராக்கின் "டிலே" கட்டத்தில் கொடுங்கள். ரீஎன்கோட் (படத்தை மறுபடி சுருக்குதல்) செய்யாமலே முடிந்துவிடும்.

கேள்வி: எச்.265 என்ற சுருக்க முறையில் மாற்றிய எம்பி4 கோப்பு விஎல்சியில் ஓடுகிறது. மேக்கின் குயிக்டைம் மட்டும் திறக்க மறுக்கிறது. மறுபடி எச்.264-க்கு மாற்றுவதுதான் வழியா?

பதில்: வேண்டாம், படத்தின் தரம் வீணாகப் போகும். எச்.265 படத்தை எம்பி4-க்குள் வைக்கும்போது நான்கு எழுத்துக் குறி ஒன்று எழுதப்படும். "எச்இவி1", "எச்விசி1" என்று அதில் இரண்டு வகை. எஃப்எஃப்எம்பெக் தானாகப் போடுவது முதலாவது, குயிக்டைம் ஏற்பது இரண்டாவது. கட்டளையில் கோடெக்கை (சுருக்கும் முறை) "காப்பி" என்று வைத்து, வீடியோ டேகை மட்டும் எச்விசி1 ஆக்கி வேறு பெயரில் சேமியுங்கள். படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவதால் பெரிய கோப்பும் சீக்கிரம் முடியும்.

அப்படியும் வராவிட்டால் படத்தின் நிறத் தகவலைச் சேமிக்கும் முறை 4:2:0-தானா என்று பாருங்கள். விண்டோஸ், லினக்ஸ் விஎல்சியில் கன்ட்ரோல், ஜே அழுத்தினால் கோடெக் விவரம் வரும்.

கேள்வி: மேக் டெர்மினலில் எஃப்எஃப்எம்பெக் "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்" என்கிறது. கோப்பு டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது.

பதில்: டெஸ்க்டாப்பில் இருப்பதால்தான். 2019-இல் வந்த கேடலினா முதல் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் தொட டெர்மினலுக்குத் தனி அனுமதி வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, ஃபைல்ஸ் அண்ட் ஃபோல்டர்ஸ் போய் டெர்மினலுக்கு அனுமதி கொடுத்து, அதை மூடித் திறங்கள். சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டு முட்டி மோத வேண்டாம், இந்தத் தடை அதற்கும் பணியாது.

கேள்வி: ஃபெடோராவில் "அன்நோன் என்கோடர் லிப்எக்ஸ்264" என்று வருகிறது. இதே கட்டளை உபுண்டுவில் ஓடியது.

பதில்: கட்டளை சரிதான். ஃபெடோரா காப்புரிமைக் காரணங்களால் "எஃப்எஃப்எம்பெக்-ஃப்ரீ" என்ற குறைக்கப்பட்ட பேக்கேஜைத் தருகிறது, அதில் எக்ஸ்264 (எச்.264-க்கு மாற்றும் என்கோடர்) கிடையாது. ஆர்பிஎம் ஃபியூஷன் ரெப்போவை (பேக்கேஜ் களஞ்சியம்) சேர்த்து, ஃபெடோராவின் பேக்கேஜ் நிறுவியான டிஎன்எஃப்-இன் "ஸ்வாப்" கட்டளையால் முழு எஃப்எஃப்எம்பெக்குக்கு மாறுங்கள். வெறும் "இன்ஸ்டால்" கொடுத்தால் இரண்டு பேக்கேஜும் மோதிக்கொள்ளும்.

உபுண்டுவில் வேறொரு தொல்லை உண்டு. ஸ்னாப் (உபுண்டுவின் பேக்கேஜ் முறை) வழியாக நிறுவிய கன்வெர்ட்டருக்கு வெளி டிஸ்க் கண்ணில் படாது. "ரிமூவபிள் மீடியா" இணைப்பைக் கொடுத்தால்தான் தெரியும்.

கேள்வி: தமிழ் சப்டைட்டிலைப் படத்தோடு பதித்தால் எழுத்துகள் உடைகின்றன. "கொ" என்பதில் கொம்பு இடம் மாறுகிறது. லினக்ஸ் கணினியில் வெறும் கட்டங்கள். ஒரு பழைய கோப்பில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.

பதில்: மூன்றும் தனித்தனி நோய்கள்.

கட்டங்கள் வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் நிறுவுங்கள். விண்டோஸில் நிர்மலா யுஐ கூடவே வருகிறது.

கொம்பு இடம் மாறினால் எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோக்கும் பகுதி இல்லை. யூனிகோடில் "கெ" என்பது முதலில் "க", பிறகு கொம்பு என்றுதான் பதிவாகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தின் வேலை. அது இல்லாமல் தொகுத்த பழைய மென்பொருளில் தமிழ் உடையத்தான் செய்யும். எஃப்எஃப்எம்பெக்கில் படத்தின் மேல் எழுத்து எழுதும் "டிராடெக்ஸ்ட்" ஃபில்டர் 6.1 பதிப்பில்தான் ஹார்ஃப்பஸ் வசதியைப் பெற்றது. அதனால் டிராடெக்ஸ்டை விட்டு "சப்டைட்டில்ஸ்" ஃபில்டரைப் பயன்படுத்துங்கள், புதிய பதிப்பையும் எடுங்கள்.

ஆங்கிலக் குப்பை என்றால் அந்தக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சானது. கன்வெர்ட்டரால் அதைச் சரிசெய்ய இயலாது. யூனிகோட் மாற்றியில் போட்டு, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்த பிறகு ஹேண்ட்பிரேக்கில் இறக்குங்கள். மாற்றி சில நேரம் நேரக்குறி வரிகளின் அம்புக்குறியையும் சிதைத்துவிடும், அவற்றைத் திறந்து பாருங்கள்.

நீண்ட படத்தை முழுதாக ஓட்டும் முன் 30 நொடி மட்டும் பதித்துப் பார்ப்பது நல்லது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் வரிகளாகத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கிராபிக்ஸ் கார்டில் என்கோட் செய்தால் வேகம் நன்று, ஆனால் அதே எண்ணில் படம் மங்குகிறது.

பதில்: எக்ஸ்264-இன் ஆர்எஃப் எண்ணும், என்விடியா கார்டின் என்கோடரான என்வென்க்கின் சிக்யூ எண்ணும் தரத்தைக் குறிப்பவைதான், ஆனால் ஒரே அளவுகோல் அல்ல. பாதுகாத்து வைக்கும் வீடியோவுக்குப் பிராசசரில் எக்ஸ்264, 1080பி என்றால் ஆர்எஃப் 20 முதல் 24 வரை. அவசரமாக அனுப்ப மட்டும் கார்டு போதும்.

கேள்வி: திரைப்பதிவை மாற்றும்போது "விட்த் நாட் டிவிசிபிள் பை 2".

பதில்: அகலம் ஒற்றைப்படை எண். 4:2:0 முறையில் நிறத் தகவல் இரண்டிரண்டு பிக்சலுக்கு ஒன்றாகச் சேமிக்கப்படுவதால் அகலமும் உயரமும் இரட்டைப்படையாக வேண்டும். ஒரு பிக்சல் கிராப் செய்யுங்கள்.

கேள்வி: பென் டிரைவுக்கு எழுதும்போது சரியாக 4 ஜிபியில் நிற்கிறது.

பதில்: ஃபேட்32 ஒரு கோப்புக்கு அதற்கு மேல் இடம் தராது. தரவை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள்.

கேள்வி: பதிவின்போது மின்சாரம் போய்விட்டது. எம்பி4 கோப்பு 2 ஜிபி இருக்கிறது, ஆனால் "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்". எந்தக் கன்வெர்ட்டரும் திறக்கவில்லை. முக்கியமான பதிவு.

பதில்: படம் உள்ளே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எந்த ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணைதான் மூவ் ஆட்டம். வழக்கமான எம்பி4-இல் அது பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும், உங்களுடையது அதற்குள் அறுந்துவிட்டது. முதலில் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அதே கருவியில், அதே அமைப்பில் ஒரு சிறிய வீடியோ புதிதாக எடுங்கள். "அன்ட்ரங்க்" என்ற இலவச நிரல் அந்த நல்ல கோப்பை மாதிரியாக வைத்து உடைந்ததன் அட்டவணையை மறுபடி கட்டும். ரெசல்யூஷனோ கோடெக்கோ மாறியிருந்தால் பலிக்காது, அமைப்பைச் சரிபார்த்துவிட்டு எடுங்கள்.

கணினியில் ஓபிஎஸ் (திரைப்பதிவு நிரல்) வழியாகப் பதிவு செய்கிறீர்கள் என்றால் இனி எம்கேவியில் பதியுங்கள். இடையில் நின்றாலும் அதுவரை பதிந்தது ஓடும். பிறகு ஃபைல் மெனுவில் உள்ள "ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்" மூலம் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.