நடுகல் மாடலில் வட்டெழுத்து மழுங்கினால்

செங்கம் பகுதி நடுகல் ஒன்றைப் பல கோணங்களில் படம் எடுத்து, அவற்றை இணைத்து 3D மாடல் செய்தீர்கள்; அதில் வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து வடிவம்) மழுங்கிவிட்டதா? மறுபடி படம் எடுக்க செங்கத்துக்கு ஓடாதீர்கள். 140 படத்தில் செய்த மாடல் கணினியில் நன்றாக இருந்து, ஸ்கெட்ச்ஃபேபில் (3D மாடல்களைக் காட்டும் இணையதளம்) ஏற்றியதும் எழுத்து மழுங்கியது என்றால், ஏற்றுவதற்காக மாடலின் பரப்பை உருவாக்கும் முக்கோணங்களைக் குறைத்தபோது வெட்டின் ஆழம் போயிருக்கும். பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் முழு மாடலிலிருந்து சிறிய மாடலுக்கு நார்மல் மேப் (மேடுபள்ளம் இருப்பதுபோல் வெளிச்சம் விழச் செய்யும் படம்) 'பேக்' செய்து, அதாவது கணக்கிட்டுப் பதித்து, அதையும் சேர்த்து ஏற்றுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. மூல (முழு) மாடலை மெஷ்லாப் என்ற மென்பொருளில் திறந்து, நிறத்தை அணைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். வெறும் சாம்பல் பரப்பிலும் எழுத்து தெரிந்தால் சரி. தெரியவில்லையா? இதுவரை நீங்கள் பார்த்தது ஆழமே இல்லை, குழியில் தங்கிய மஞ்சளும் குங்குமமும்தான். (எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது, ஒரு நாள் வீண்.) அப்போது மட்டும் திரும்பப் போய், எழுத்துள்ள பகுதியை நிழலில், கிட்டத்தில், ஒவ்வொரு படமும் முந்தையதில் முக்கால் பங்கை மூடும்படி எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள்.

நார்மல் மேப் கண்ணுக்குத்தான். ஆழம் அளக்கவோ கல்வெட்டின் வாசகத்தைப் படிக்கவோ மூல மாடல்தான் வேண்டும், அழித்துவிடாதீர்கள். அப்புறம், எழுத்து தெளியட்டும் என்று கல்லில் சுண்ணாம்போ மாவோ தேய்க்க வேண்டாம்.