அடி இறக்கத்துக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போகும் உங்கள் அம்மாவுக்கு (54 வயது) நாற்றுக்கட்டு தூக்கினால் அடி இறங்குகிறது (கர்ப்பப்பை பிறப்புறுப்பு வழியாகக் கீழே வருகிறது), படுத்தால் உள்ளே போய்விடுகிறது, கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டெல்டாவில் மகப்பேறு மருத்துவர். வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைத்துவிட்டு வரும் அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களிடம் சொன்னாரே, அதுவே பெரிய விஷயம்.

அடி இறக்கம் புற்றுநோய் அல்ல. பிரசவத்தில் தளர்ந்த தசையும் தசைநார்களும் மாதவிடாய் நின்றபின் இன்னும் பலவீனமாவதால் வருவது. அதனால் கர்ப்பப்பையை எடுப்பது மட்டுமே தீர்வாகாது. தாங்கும் தசைநார்களைச் சேர்த்துத் தைக்காவிட்டால், எடுத்த பிறகும் பிறப்புறுப்பின் மேல்பகுதி இறங்கலாம். ஆபரேஷனுக்குச் சம்மதிக்குமுன் இதை அவசியம் கேளுங்கள்.

முதலில் பெஸ்ஸரி பற்றிக் கேளுங்கள். உள்ளே வைக்கும் சிலிக்கான் வளையம் அது. அளவு பார்த்து வைத்தால் பலர் அன்றே நிம்மதியாக நடந்து போவார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும். அப்புறம் இடுப்புத்தளப் பயிற்சி: சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கி விடுவது, ஒரு தடவைக்கு எட்டு, தினம் மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். மலச்சிக்கல், நாள்பட்ட இருமல் இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். நாற்றுக்கட்டை வேறு யாராவது சுமக்கட்டும்.

தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். ரத்தம் பட்டாலோ, சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, இறங்கியது உள்ளே போகாவிட்டாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள்.