டோக்கன் கொடுக்கும் முன் விலை கேட்பது எப்படி?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 15 ஆண்டுகள் பழமையான, 950 சதுர அடி கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்தோம். உரிமையாளர் 72 லட்சம் ரூபாய் சொல்கிறார். இன்றே 2 லட்சம் டோக்கன் (முன்பணம்) கொடுக்காவிட்டால் வீடு கைமாறிவிடும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? குறைத்துக் கேட்டால் உரிமையாளர் மனம் கோணுவாரோ என்றும் தயக்கமாக இருக்கிறது.
- வாசகி, சென்னை

பதில்: தயங்க வேண்டாம். விற்பவர் சொல்லும் விலையில் பேரத்துக்கான இடத்தை அவரே வைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதற்கும், காரணத்தோடு ஒரு தொகையைச் சொல்வதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

அந்தக் காரணம், ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழிலேயே கிடைக்கும். பதிவுத்துறையின் இணையதளத்தில் அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் பார்த்தால், உங்கள் வீடு மட்டுமல்லாமல் அதே எண்ணில் உள்ள மற்ற வீடுகளின் பத்திரங்களும் வரிசையாக வரும். ஒவ்வொரு பதிவிலும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களோடு "கைமாற்றுத் தொகை" என்றும் "சந்தை மதிப்பு" என்றும் இரண்டு தொகைகள் இருக்கும். அண்மையில் விற்ற வீடுகளின் கைமாற்றுத் தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் தொகையைக் குறைத்துக் காட்டும் வழக்கம் நம்மிடையே இருப்பதால் அதை அப்படியே நம்பிவிட முடியாது. எனினும் தரகரின் வாய்வார்த்தையை விட அது மேலானது. அடுத்து, கிரயப் பத்திரத்தில் பிரிபடாத பாகம், அதாவது மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்கு, எத்தனை சதுர அடி என்று பாருங்கள். 15 வருடக் கட்டடத்தின் மதிப்பு இனித் தேயத்தான் செய்யும், ஆதலால் மனையில் உங்களுக்கு வரும் பங்குதான் விலையைத் தாங்கி நிற்கும்.

பிறகு உங்கள் கையிருப்பைக் கணக்கிடுங்கள். 65 லட்சத்துக்கு முடிவதாக வைத்துக்கொள்வோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 5 லட்சத்து 85 ஆயிரம் ஆகிறது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு 65 லட்சத்தைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்பின் மீதுதான் கட்ட வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆக 52 லட்சம் கடன் கிடைத்தாலும், 13 லட்சமும் பதிவுச் செலவும் நீங்கள் போட வேண்டியவை. வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டை 60 லட்சம் என்று மதித்துவிட்டாலோ கடன் 48 லட்சமாகச் சுருங்கி, உங்கள் பங்கு பதிவுச் செலவோடு 22 லட்சத்து 85 ஆயிரமாகிவிடும். இந்தத் தொகை கையில் இல்லாமல் 65 லட்சம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் நிலைமையில் நானாக இருந்தால் 62 லட்சத்தில் தொடங்குவேன். அதோடு, கிரயத்தை எத்தனை நாளில் முடிப்பேன் என்பதையும் சேர்த்தே சொல்வேன். வெளியூர் போகவோ வேறு வீடு வாங்கவோ காத்திருக்கும் உரிமையாளருக்கு, ஒரு லட்சம் கூடுதலாகத் தருவதாகச் சொல்லி இழுத்தடிப்பவரை விட, வங்கியின் முன் ஒப்புதல் கடிதத்தோடு வந்து 45 நாளில் முடிப்பவரே மேலாகத் தோன்றலாம். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் அதில் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து அவருடைய பான் எண்ணில் நீங்கள் கட்ட வேண்டும் என்பதையும் பேச்சிலேயே தெரிவித்துவிடுங்கள். கிரயத்தன்று சொன்னால் மனக்கசப்புதான் மிஞ்சும். ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது; வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு.

இனி அந்த 2 லட்சம். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இப்படித்தான் வாய்ப்பேச்சில் டோக்கன் கொடுத்தார்கள். அனுமதி பெற்ற வரைபடத்துக்கு மாறாகக் கட்டடம் இருந்ததால் வங்கி கடன் தர மறுத்தது. பணத்தைத் திரும்பப் பெற ஏழு மாதம் நடந்தார்கள். அந்த அம்மாள் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. ஆகவே 50,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம். அதையும் வங்கி வழியாகவே கொடுங்கள். ரசீதில் வீட்டின் எண், பேசிய விலை, ஒப்பந்தம் போடும் தேதி ஆகியவற்றோடு, "உரிமை ஆவணங்களில் குறையிருந்தாலோ வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலோ முழுத் தொகையும் 15 நாளில் திருப்பித் தரப்படும்" என்ற வரியும் இருக்கட்டும். வீட்டுக்கு எத்தனை உரிமையாளர்களோ அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். இந்த வரியை எழுத மறுப்பவரிடம் டோக்கன் கொடுக்காதீர்கள்.

கேள்வி: விலை பேசி முடித்தபின் கிரய ஒப்பந்தத்தை வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதாதா?
- வாசகர், தாம்பரம்

பதில்: போதாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறிவிடுவதால், அதே வீட்டை விற்பவர் இன்னொருவருக்குக் காட்டினால் அவர் பார்வைக்கும் அது வந்துவிடும்.