பிள்ளையின் அறிவை மருந்தால் கூட்டலாமா? கேள்விகளும் பதில்களும்

குழந்தை நல மருத்துவராக முப்பது ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். நோயில்லாத பிள்ளையின் அறிவை மருந்தால் கூர்மையாக்குவது சரியா என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். யாருக்கும் மருந்தின் அளவு சொல்ல மாட்டேன், ஏனென்றால் பிள்ளையை நேரில் பார்க்காமல் அளவு சொல்வது மருத்துவம் ஆகாது.

கேள்வி (ஒரு தாய், திருச்சி): டாக்டர் அம்மா, என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். தோழியின் மகனுக்குக் கவனக்குறைவுக்காக மெத்தில்ஃபெனிடேட் கொடுத்தார்கள். அவன் மதிப்பெண் நன்றாகக் கூடியது. என் மகனுக்குக் குறை எதுவும் இல்லை. தேர்வு முடியும் வரை மூன்று மாதம் மட்டும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கக் கூடாது, அம்மா. தோழியின் மகனுக்கு அந்த மருந்து செய்தது வேறு. உங்கள் மகனுக்கு அது செய்யப்போவது வேறு. கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் (ஏ.டி.எச்.டி) உள்ள பிள்ளைக்கு, ஒரு வரியைப் படித்து முடிக்கும் வரை மனம் ஓரிடத்தில் நிற்க இந்த மருந்து துணை செய்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இதை நானே எழுதிக் கொடுக்கிறேன்; அவர்கள் அதை நிறுத்திவிட வேண்டாம்.

இந்த வகை மருந்தின் புகழ் பழையது. 1937இல் அமெரிக்காவின் ராட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் 30 பிள்ளைகளுக்கு ஆம்ஃபெடமின் வகை மருந்து ஒன்றைக் கொடுத்தார். அவர்களில் பாதிப் பேரின் படிப்பு வியக்கும்படி முன்னேறியதால், பிள்ளைகளே அதைக் கணக்கு மாத்திரை என்று அழைத்தார்கள். அவர்கள் கடுமையான நடத்தைச் சிக்கல்களுக்காக மருத்துவமனையில் தங்கியிருந்த பிள்ளைகள் என்பது மறந்துபோய், மாத்திரையின் பெயர் மட்டும் ஊர் ஊராகப் பரவியது.

குறையில்லாதவர்களிடம் என்ன நடக்கிறது என்பதை 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. நலமான 40 பெரியவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் உட்பட மூன்று மருந்துகளைத் தனித்தனியே கொடுத்து, எடை மீறாமல் ஒரு பையில் அதிக மதிப்புள்ள பொருள்களை அடுக்கும் புதிரைத் தீர்க்கச் சொன்னார்கள். மருந்து உண்டபோது அவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள். ஆனால் அந்த உழைப்பின் தரம் குறைந்தது. மருந்தில்லாமல் சராசரிக்கு மேல் செய்தவர்கள் மருந்தோடு சராசரிக்குக் கீழே இறங்கும் போக்கும் தெரிந்தது. இது பெரியவர்களிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் நன்றாகப் படிக்கும் பிள்ளையின் தாய் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

இதன் பக்கவிளைவுகளில் பசியின்மையும் தூக்கமின்மையும் முக்கியமானவை. படித்தது மூளையில் நிலைத்துப் பதியத் தூக்கம் தேவை; தேர்வுக்காகக் கொடுக்கும் மருந்து அந்தத் தூக்கத்தையே எடுத்துவிடுகிறது. நம் நாட்டுச் சட்டத்தில் இது எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது மருத்துவச் சீட்டின் ஒரு பிரதியை மருந்துக் கடை வைத்துக்கொள்ள வேண்டிய அளவுக்குக் கட்டுப்பாடு உள்ளது. ஒரு பிள்ளைக்கு எழுதிய மருந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வல்லாரை மாத்திரையும் ஞாபக சக்தி லேகியமும் கொடுக்கலாமா?

பதில்: வல்லாரைக் கீரையைத் துவையலாகச் செய்து கொடுங்கள், அதில் எனக்குத் தடையில்லை. அதனால் மதிப்பெண் கூடும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். லேகியம், பஸ்பம் கலந்த மருந்துகள் ஆகியவற்றைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். 2004இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் வளரும் மூளையைக் கெடுப்பது. அறிவு வளர வேண்டும் என்று ஊட்டும் தாயின் கையாலேயே அறிவைக் குறைக்கும் பொருள் பிள்ளையின் வாய்க்குள் போவது எனக்குத் தாங்க முடியாத எண்ணம்.

கேள்வி: தூக்கம் வராமல் விழித்திருக்கச் செய்யும் மொடாஃபினில் மருந்தைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். கடுமையான தோல் எதிர்வினை பற்றிய அச்சத்தால், 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்குக்கூட அதை அனுமதிக்கவில்லை.

கேள்வி (தத்துவம் பயிலும் மாணவர்): உப்பில் அயோடின் சேர்ப்பதும் பிள்ளைகளின் அறிவைக் கூட்டுவதுதானே? அதை ஏற்கும் நீங்கள் மாத்திரையை மட்டும் மறுப்பது ஏன்? நோய் என்றும் இயல்பு என்றும் நடுவில் ஓடும் கோடு மருத்துவர்கள் வரைந்தது.

பதில்: நல்ல கேள்வி. அந்தக் கோடு மங்கலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பிள்ளைகள் வகுப்பில் ஒரே அளவுக்குத் திணறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவனுக்குப் பிறவித் தைராய்டு குறைபாட்டைத் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள். இன்னொருவனுக்கு நோய் எதுவும் இல்லை. முதலாமவனுக்கு உதவலாம், இரண்டாமவனுக்கு உதவக் கூடாது என்று சொல்ல என்னால் முடியாது. எனவே நான் அந்தக் கோட்டின் மேல் நிற்கவில்லை.

ஆபத்தை யார் சுமக்கிறார், ஆதாயம் யாருக்கு என்பதையே பார்க்கிறேன். அயோடின் உடலுக்குத் தேவையான சத்து. 1962இல் கழலை நோய் மிகுந்த பகுதிகளுக்காகத் தொடங்கிய கட்டுப்பாட்டுத் திட்டம் பின்னர் நாடு முழுதும் விரிந்தது; இன்று அது உப்பின் வழியே எல்லோர் வீட்டு உலைக்கும் போகிறது. அதனால் அடுத்த வீட்டுப் பிள்ளை தோற்றால்தான் பயன் என்ற நிலை இல்லை. தேர்வுக்காகக் கொடுக்கும் மாத்திரையிலோ, ஆபத்து பிள்ளையின் உடலில் இருக்கிறது, ஆதாயம் தரவரிசையில் மட்டும் இருக்கிறது.

அதே மாணவர்: பக்கவிளைவே இல்லாத மருந்து வந்தால்?

பதில்: அப்படியொன்று வந்தால் அதை அயோடின் உப்பைப் போல ரேஷன் கடையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்றே சொல்வேன். தெளிவாகச் சிந்திப்பது தன்னளவிலேயே நல்லது. ஆனால் விலையில்லாத வரம் எளிதில் கிடைப்பதில்லை. 1999இல் மூளைச் செல்கள் செய்தியைப் பெறும் ஏற்பி ஒன்றை மரபணு வழியாக மிகுதியாக்கி, கற்பதிலும் நினைவிலும் சிறந்த எலிகளை உருவாக்கினார்கள். அதே எலிகளுக்கு நீடித்த வலியின் உணர்வு கூடியிருப்பதை 2001இல் வந்த ஆய்வு காட்டியது. கற்கும் பாதையும் வலி நிலைக்கும் பாதையும் மூளையில் பின்னிக் கிடக்கின்றன.

அதே மாணவர்: எல்லோருக்கும் கிடைக்காது என்பதற்காக வசதியுள்ளவர் பிள்ளைக்கும் மறுப்பதா? டியூஷனை யாரும் தடுப்பதில்லையே.

பதில்: டியூஷனும் அநீதியை வளர்க்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் டியூஷனில் பிள்ளை எதையாவது கற்கிறது, பிடிக்காவிட்டால் எழுந்து வரவும் முடிகிறது. அதன் இதயத் துடிப்பைப் பணயம் வைப்பதில்லை. இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் மாத்திரை உண்ணத் தொடங்கினால், மீதிப் பாதிக்கு மறுக்கும் சுதந்திரம் பெயரளவில்தான் இருக்கும். எல்லோரும் உண்டபின் தரவரிசை பழையபடியே நிற்கும், பசியும் தூக்கமும் மட்டும் எல்லோருக்கும் குறைந்திருக்கும். 2013இல் அமெரிக்க நரம்பியல் அகாதமி, நரம்புக் கோளாறு இல்லாத பிள்ளைகளுக்கு இத்தகைய மருந்துகளை எழுதுவது நியாயமல்ல என்று அறிவித்தபோது, தன் முடிவைத் தானே எடுக்கும் நிலைக்குப் பிள்ளை இன்னும் வளரவில்லை என்பதையும் ஒரு காரணமாகக் கொண்டது. வயது வந்த ஒருவர் தனக்கென்று எடுக்கும் முடிவு வேறு விவாதம். அதற்குள் நான் போகவில்லை.

கேள்வி (ஒரு தந்தை): என் பிள்ளைக்கு எது நல்லது என்பதை முடிவு செய்யும் உரிமை எனக்கு இல்லையா?

பதில்: காக்கும் உரிமை உண்டு. அம்மை ஊசிக்கு அழும் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறீர்கள். வளர்ந்தபின் அது உங்களுக்கு நன்றி சொல்லும். வளர்ந்தபின் அது கேள்வி கேட்கக்கூடிய ஒன்றைச் செய்வதற்கு முன் நில்லுங்கள்.

கேள்வி (அமெரிக்காவில் வாழும் தம்பதி): செயற்கைக் கருத்தரிப்பில் பல கருக்கள் உருவாகியுள்ளன. மரபணுக்களை வைத்து அறிவைக் கணிக்கும் மதிப்பெண் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: 2019இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டின்படி, பத்துக் கருக்களிலிருந்து மதிப்பெண் மிகுந்ததைத் தேர்ந்தால் அறிவுத்திறன் ஈவில் (ஐ.க்யூ) சராசரியாக 2.5 புள்ளி அளவே கூடும். ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து உருவான அந்த மதிப்பெண், நம் வம்சாவளியினருக்கு இன்னும் குறைவாகவே பொருந்தும். இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட நோய்களைக் கண்டறிவதற்கு மட்டுமே கருவின் மரபணுச் சோதனையை அனுமதிக்கிறது. கடும் நோயைத் தவிர்க்கத் தேர்வதை நான் ஏற்கிறேன். இவ்வளவு சிறிய ஆதாயத்துக்காக, பிறக்கும் முன்பே ஒரு பிள்ளையின் மேல் எதிர்பார்ப்பை ஏற்றி வைப்பதை ஏற்கவில்லை.

கேள்வி: அக்கா மகன் நீட் எழுதுகிறான். கவனத்துக்கு மாத்திரை எத்தனை மில்லிகிராம் கொடுக்கலாம்?

பதில்: முதல் கேள்விக்கே இதன் பதிலை எழுதிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள். அளவு சொல்ல மாட்டேன்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மாத்திரை மீதமிருக்கிறது. ஒரே ஒரு நாள், தேர்வன்று மட்டும்?

பதில்: ஒரு நாளும் கூடாது. ஒரு பிள்ளைக்கு எழுதிய மருந்தை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். இதே கேள்வி இனியும் வந்தால் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (ஓர் ஆசிரியை): என் வகுப்பில் ஒரு மாணவி மிகவும் மந்தமாக இருக்கிறாள். பெற்றோரிடம் மருந்து பற்றிச் சொல்லலாமா?

பதில்: மருந்தின் பெயரைச் சொல்லாதீர்கள், அம்மா. கண், காது, இரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துக் கற்றலில் குறைபாடு உண்டா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாததால் மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 16 வயது. நீட் பயிற்சிக்குப் போகிறேன். அப்பா தினமும் மாலையில் ஒரு மாத்திரை கொடுக்கிறார், வைட்டமின் என்கிறார். சாப்பிட்டால் தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், தம்பி. உன் உடலுக்குள் போவது என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அந்த மாத்திரையின் அட்டையைக் காட்டச் சொல். பெயரையும், எத்தனை நாளாகச் சாப்பிடுகிறாய் என்பதையும் எழுதி வை. இன்றைக்கு அதைச் சாப்பிடாதே. நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே 108ஐ அழைக்கச் சொல். வீட்டில் பேச முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. மனம் சோர்ந்தால் 14416ஐ அழை. முடிந்தால் இந்தப் பதிலை அப்பாவிடம் காட்டு.

ஐயா, உங்கள் மகன் உங்களைக் குற்றம் சொல்லவில்லை; வேண்டாம் என்று சொல்லலாமா என்று அனுமதி கேட்கிறான். நீங்கள் அன்பினால் கொடுத்தீர்கள் என்றே நம்புகிறேன். நாளைக் காலை பயிற்சி வகுப்புக்கு அனுப்பாமல், அந்த அட்டையோடு அவனை ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் பார்க்கச் சொல்லுங்கள்.