ட்ரிகர் கமிட் நேரத்தில் ஒரே தடவை ஓட வேண்டுமா? கேள்வி பதில்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ட்ரிகர் (டேபிளில் வரி மாறும்போது தானாக ஓடும் நிரல்) பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒரு வவுச்சரில் 40 வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். பற்றும் வரவும் சமமா என்று ட்ரிகர் பார்க்கிறது. முதல் வரியிலேயே எர்ரர் அடித்து நின்றுவிடுகிறது.

பதில்: பாதி எழுதிய கணக்கைக் கூட்டினால் எப்படி டேலி ஆகும்? அதை கான்ஸ்ட்ரெயின்ட் ட்ரிகராக (ஓட்டத்தைத் தள்ளிப்போடக்கூடிய வகை) மாற்றி, ‘டெஃபரபிள் இனிஷியலி டெஃபர்டு’ என்று போடுங்கள், கமிட் வரை, அதாவது டிரான்சாக்ஷனை (ஒன்றாகவே நிற்கும் அல்லது ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பு) முடித்து நிரந்தரமாக்கும் வரை, பொறுத்திருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: கமிட்டில் ஓடினாலும் ‘நியூ’வில் (ட்ரிகருக்குக் கிடைக்கும் வரியின் நகல்) இருப்பது அந்த வரி மாறிய நேரத்து மதிப்புதான், அப்புறம் அதே வரியை நீங்கள் திருத்தியிருக்கலாம், அழித்தேகூட இருக்கலாம். அதனால் ‘நியூ’விலிருந்து வவுச்சர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, தொகையை டேபிளிலிருந்து புதிதாகக் கூட்டுங்கள்.

கேள்வி: மாற்றிவிட்டேன். இப்போது கமிட்டில் 40 தடவை ஓடுகிறது! ‘ஃபார் ஈச் ஸ்டேட்மென்ட்’ (வரிக்கு வரி இல்லாமல் ஒரு கட்டளைக்கு ஒரு தடவை) என்று போட்டால் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்கிறது.

பதில்: ஏற்காது, கான்ஸ்ட்ரெயின்ட் ட்ரிகர் வரிக்கு வரிதான். தள்ளிப்போடுவது வேறு, ஒரே தடவை ஓடுவது வேறு. முதலாவதை போஸ்ட்கிரெஸ் தருகிறது, இரண்டாவதை நாமே செய்துகொள்ள வேண்டும். நான் செய்வது இது: ‘நிலுவை’ என்று ஒரு குட்டி டேபிள், அதில் டிரான்சாக்ஷன் எண், வவுச்சர் எண் இரண்டும் சேர்ந்து பிரைமரி கீ (ஒரே ஜோடி இரண்டு முறை வர முடியாது). வரிகள் உள்ள டேபிளில் சாதாரண ட்ரிகர், அது நிலுவையில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டு நத்திங்’ (ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு) போட்டு ஒரு பதிவு வைக்கும். தள்ளிப்போட்ட கான்ஸ்ட்ரெயின்ட் ட்ரிகர் உட்காருவது நிலுவை டேபிளின் மேல். 40 வரிக்கும் ஒரே பதிவு, ஒரே ஓட்டம். சேவ்பாயின்ட்டுக்கு (டிரான்சாக்ஷனின் நடுவில் குறித்து வைத்த இடம்) ரோல்பேக் செய்தால், அதாவது அதன்பின் செய்தவற்றை ரத்து செய்தால், அதற்குப் பின் வைத்த பதிவும் காத்திருந்த ட்ரிகரும் சேர்ந்தே போய்விடும், தனியாகக் கவலை வேண்டாம்.

ட்ரிகர் ஓடியதும் அந்தப் பதிவை அழித்துவிடுங்கள். குப்பை சேராது என்பது மட்டுமில்லை, யாராவது நடுவில் ‘செட் கான்ஸ்ட்ரெயின்ட்ஸ் இமீடியட்’ (தள்ளிப்போட்டதை இப்போதே ஓட்டு) கொடுத்து, பிறகு மறுபடி ‘டெஃபர்டு’ ஆக்கி இன்னும் வரிகளைச் சேர்த்தால், பழைய பதிவு கிடந்தால் இரண்டாம் சோதனை நடக்கவே நடக்காது.

கேள்வி: கீயில் டிரான்சாக்ஷன் எண் எதற்கு? வவுச்சர் எண் போதாதா?

பதில்: போதும்தான், ஆனால் இன்னொருவர் அதே வவுச்சரைத் தொட்டால் உங்கள் கமிட் வரை அவர் காத்துக் கிடப்பார். எண்ணை 13ஆம் பதிப்பிலிருந்து ‘பிஜி கரன்ட் எக்ஸாக்ட் ஐடி’ தருகிறது, அதற்கு முன் ‘டிஎக்ஸ்ஐடி கரன்ட்’.

கேள்வி: அப்படியானால் இருவர் ஒரே நேரத்தில் அதே வவுச்சரில் எழுதினால்?

பதில்: இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கமிட் ஆகாத வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, இருவர் சோதனையும் தேறிவிடும், சேர்த்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். சோதனையில் முதல் வேலையாக வவுச்சரின் தலைப்பு வரியை (வவுச்சருக்கு ஒன்றே உள்ள வரி) ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ மூலம் பூட்டுங்கள், அதன்பின் தனி குவெரியில் கூட்டுங்கள். வழக்கமான ‘ரீட் கமிட்டட்’ நிலைக்கு (ஒவ்வொரு குவெரியும் அதுவரை கமிட் ஆனதைப் பார்க்கும்) இது போதும்.

கேள்வி: 10ஆம் பதிப்பில் வந்த டிரான்ஸிஷன் டேபிள் (ஒரு ஸ்டேட்மென்ட் மாற்றிய வரிகளையெல்லாம் ட்ரிகருக்குத் தருவது) போதாதா?

பதில்: 40 வரியும் ஒரே இன்சர்ட்டில் போனால் தாராளமாகப் போதும், நிலுவை டேபிளே வேண்டாம். பல ஸ்டேட்மென்ட் என்றால் உதவாது.

கேள்வி: அந்த ட்ரிகரிலிருந்தே மெயில் அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். அதற்குப் பிறகு ஓடும் இன்னொரு ட்ரிகர் எர்ரர் கொடுத்தால் மொத்தமும் ரோல்பேக், மெயில் மட்டும் போயிருக்கும். ‘நோட்டிஃபை’ (கேட்டுக்கொண்டிருக்கும் வேறு நிரலுக்குச் செய்தி அனுப்பும் கட்டளை) போடுங்கள், மெயிலை அந்த நிரல் அனுப்பட்டும்; செய்தி கமிட் ஆன பிறகே போகும், ஒரே டிரான்சாக்ஷனில் அதே சேனலுக்கு அதே செய்தியை எத்தனை தடவை போட்டாலும் ஒன்றுதான் போய்ச் சேரும்.

கேள்வி: மற்ற டேட்டாபேஸ்களில்?

பதில்: ஃபயர்பேர்டில் 2.1 முதல் கமிட்டுக்கென்றே ட்ரிகர் உண்டு. மைஎஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர் இரண்டிலும் கிடையாது.

கேள்வி: என் டெஸ்ட்கள் எல்லாம் பாஸ், நிஜத்தில் மட்டும் எர்ரர் வருகிறது. ஏன்?

பதில்: டெஸ்ட் முடிவில் ரோல்பேக் செய்கிறீர்களா? அப்படியானால் ட்ரிகர் ஒரு தடவைகூட ஓடியிருக்காது. ரோல்பேக்குக்கு முன் ‘செட் கான்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆல் இமீடியட்’ போடுங்கள், காத்திருப்பதெல்லாம் அங்கேயே ஓடிவிடும்.